ஒரே விரிப்பில் ஓடிய இரண்டு படங்கள்

ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் களத்தில் பேசும்படம் காட்டியது எந்த ஆண்டு என்பதில் இன்றும் வாக்குவாதம் உண்டு. யுத்தத்தின் நடுவில் என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. யுத்தம் வந்த பிறகு மண்ணெண்ணெய்க்கே திண்டாட்டம். எஞ்சினை ஓட்டிப் படம் காட்ட யாருக்கு மனம் வரும்? அது யுத்தம் மூள்வதற்கு முந்தின மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. பங்குனி என்று சொல்பவர்களும் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். பங்குனியில் பூமழை விழுந்து காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அன்று மொட்டுகூட விரியவில்லை. பழமெடுப்பு முடிந்து, காய்ந்த காப்பியைச் சேலத்துக்கு இறக்கியாகிவிட்டது. களம் காலியாகக் கிடந்ததால்தான் படமே காட்ட முடிந்தது.

என் கணவர் அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் சேலத்தில் மிஷன் பள்ளியில் படித்தவள். மலைக்கு வந்த பிறகு, துரைசானி படித்துவிட்டுத் தரும் ஆங்கில மாதப் பத்திரிகைகள், பஸ்ஸில் வரும் தமிழ்த் தொடர்கதைகள், மருந்துப் பாட்டில் சுற்றி வரும் பழைய செய்தித்தாள்கள் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் படித்தேன். ஆகவே கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்களுக்கு நான் எல்லாம் தெரிந்தவள்.

துரைமார்களின் கிளப்புக்காக வந்த படம் அது. அவர்கள் முதல் நாளே பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். படப்பெட்டி திரும்பிப் போவதற்கு முன் தம்முடைய ஆட்களும் பார்க்கட்டும் என்று எங்கள் துரைக்குத் தோன்றிவிட்டது. பழம் அரைக்கும் எஞ்சினோடு டைனமோவை மாட்டினார்கள். பங்களாவின் படுக்கை விரிப்புகளை ஒன்றாகத் தைத்து, இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே களத்தின் மத்தியில் கட்டினார்கள். முன்பக்கம் துரைமார்களின் நாற்காலிகள், அவற்றுக்குப் பின்னால் ஆண்கள். துரைமார் முன்னால் ஆண்களோடு கலந்து உட்கார மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களை விரிப்பின் மறுபக்கம் உட்கார வைத்தார்கள். அங்கிருந்தும் படம் நன்றாகவே தெரிந்தது. இடம் வலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

படமோ இங்கிலீஷ். ஆண்களுக்குக் கதை சொல்லும்படி துரை என் கணவருக்கு உத்தரவிட்டார். பெண்களுக்குச் சொல்லும்படி யாரும் எனக்கு உத்தரவிடவில்லை. நான் போய் உட்கார்ந்ததும் சுற்றிச் சேர்ந்துகொண்டார்கள். எஞ்சின் சத்தத்தில் அவர் சொல்வது எங்களுக்குக் கேட்கவில்லை. நான் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை. பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மேஸ்திரியின் மனைவி. ஆஸ்பத்திரிக்குக் கீழே இருந்த லைனில் முதல் வீடு அவர்களுடையது. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஆண்பிள்ளை வேண்டுமென்று மேஸ்திரி கிளியூரில் இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார். அந்த ஜனங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் நாலு பேர் முன்னால் தன் கையாலேயே வெற்றிலைத் தட்டை எடுத்துக் கொடுத்தால்தான் இளையவள் வீட்டுக்குள் வரலாம். தட்டு மாற்றுவதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எடுப்பு காலம் முழுக்கப் பழம் பறித்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தாள்.

படம் தொடங்கியது. பெரிய பட்டணம், பெரிய மாளிகை, ஒரு பணக்காரப் புருஷன், பெண்சாதி. புருஷனின் கோட்டுப் பையிலிருந்து பெண்கள் போடும் கையுறை ஒன்று விழுகிறது. அது அவளுடையதல்ல. ரோமக் கோட்டுப் போட்ட நெட்டைக்காரி ஒருத்தியுடையது. பெண்சாதி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தக் கையுறையைத் தன் கையில் மாட்டிப் பார்த்து, அளவு பெரிது என்கிறாள். முன்பக்கத்தில் துரைமார்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அடுத்தது இன்னும் மோசம். இருவரும் ஜட்ஜிடம் போகிறார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏதோ கேட்கிறார், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார், கல்யாணம் முறிந்துபோகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மருந்து வாங்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். முறிந்த பிறகு இருவரும் ஒரே காரில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள்!

"தீந்து போச்சுங்களா?" என்றாள் ஒரு கிழவி.

"தீந்துபோச்சு. இனி அவரு வேற, இவ வேற."

"தாலிய யாருங்க அத்தது?"

"அவிங்களுக்குத் தாலி இல்லீங்க. மோதிரம்தான்."

"மோதரந்தானா? அப்பறம் கழட்ட எத்தன நேரமாகும்!" என்றாள் அவள். பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரியின் மனைவி சிரிக்கவில்லை.

பிறகு பெண்சாதி ஒரு மீசைக்காரக் கிழவனைக் கல்யாணம் செய்துகொள்ள நிச்சயமாகிறது. அதற்கு முந்தின ராத்திரி பழைய புருஷன் மழையில் நனைந்துகொண்டு, மாடி ஜன்னல் வழியாக அவள் அறைக்குள் ஏறிக் குதிக்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். அத்தனை ஜனங்களும் பார்க்க வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுக்கிறார்கள். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நானும் மூடினேன். மூடாமல் இருந்தவள் மேஸ்திரியின் மனைவி ஒருத்திதான்.

"ஏனுங்கம்மா, அவ உட்டுப்போட்டுப் போனதுக்கப்பறந்தான் அவன் வந்தானுங்களா?"

"ஆமா."

"ஊட்டுலயே இருந்திருந்தா வந்திருக்க மாட்டான்?"

அதற்கு எந்தப் பத்திரிகையிலும் நான் பதில் படித்ததில்லை. "படத்துல அப்பிடித்தான் இருக்குது" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே லைன் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ஒரு வீட்டில் அல்ல, வரிசையாக எல்லா வீடுகளிலும். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியும் அவர் மனைவியும் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பின்னால் ஒரு கும்பல்.

"கம்பவுண்டர் சாமி, நீங்களே இவளுக்குச் சொல்லுங்க" என்றார் மேஸ்திரி. "நேத்து என்ன கதை சொன்னீங்க? தொரைக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவளே ரிஜிஸ்டர் ஆபீசுல வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா. ரெண்டு பேரும் சொகமா இருந்தாங்க. ஆமாவா இல்லீங்களா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. ரோமக் கோட்டுக்காரி இளைய தாரமாம். ஜட்ஜ், ரிஜிஸ்திராராம். பெண்சாதி அங்கே போனது சம்மதக் கையெழுத்துப் போடவாம். மீசைக்காரக் கிழவன் அவளுடைய தாய்மாமனாம். அப்படியானால் ஜன்னலில் ஏறியது எதற்கு?

"முறை வெச்சுக்கிட்டு இருந்தாங்களாம். அன்னிக்கு மூத்தவ முறை. சாவிய மறந்துட்டாரு" என்றார் கும்பலிலிருந்து ஒருவர். எல்லா ஆண்களும் அதே படத்தைத்தான் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது.

"பொய்யி!" என்றாள் மேஸ்திரியின் மனைவி. மாதக்கணக்கில் வாய் திறக்காதவளிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. "அம்மா சொன்னாங்க. அவ ஜட்ஜுகிட்டப் போயி அத்துக்கிட்டா. அவன்தான் பின்னாலயே வந்து கெஞ்சினான்."

"பொம்பளைங்க பின்னால உக்காந்து பாத்தீங்க. தலகீழாத் தெரிஞ்சிருக்கும்."

"தலகீழா இல்ல, எடவலந்தான் மாறும்" என்றேன். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "மேஸ்திரி, அவ சொல்றதுதான் கதை. படத்துல ரெண்டாந்தாரமே கெடையாது."

என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் சொன்னது தவறு என்று பத்துப் பேர் முன்னால் நான் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் நேரம். துரையும் துரைசானியும் குதிரையில் வந்து இறங்கினார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் மேஸ்திரியின் மனைவி வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றாள். மேஸ்திரியைத் தாண்டி எந்தப் பெண்ணும் துரையிடம் நேராகப் பேசியதில்லை. கணக்கெழுதும் ரைட்டர் "ஏய், ஏய்" என்றார். அவள் கேட்கவில்லை.

"ஏனுங்க தொரை, உங்க ஊருல ஒரு ஆம்பளைக்கு ரெண்டு பொண்டாட்டி உண்டுங்களா?"

துரையின் முகம் கழுத்துவரை சிவந்தது. "யார் சொன்னது?"

"படத்துல இருந்துச்சாமுங்க. ஆம்பளைங்க சொல்றாங்க."

துரை களத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எப்படிச் சொல்லலாம், யாருக்கு அந்தத் தைரியம் என்பதுபோல அவர், "ஒரு பொண்டாட்டி. ஒண்ணு! ரெண்டு கட்டினா ஜெயில்!" என்று கத்தினார்.

துரைசானிக்குத் தமிழ் நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஒரு தொரை வெச்சுக் காலம் தள்ளறதே நொம்பக் கஷ்டமுங்க" என்றாள். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. துரைக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சிவந்தார்.

அத்துடன் மேஸ்திரி விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் விடவில்லை. துரை போனதும் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அது வெள்ளைக்காரங்க சட்டம். நமக்கென்னத்துக்கு? ஞாயித்துக்கெழம தட்டு மாத்தறது மாத்தறதுதான்" என்றார்.

"நேத்து வரைக்கும் வெள்ளைக்காரங்க மாதிரின்னு சொன்னது ஆரு?" என்றாள் அவள்.

புதன்கிழமை காலை அவள் வேலைக்கு வரவில்லை. இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வழியாக வந்தாள். தலையில் ஒரு மூட்டை. பழைய நடைபாதையில் மலையிறங்கி, அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

அவளிடம் ஒரு கதையைச் சொன்னேன். அந்தக் கதையை நம்பி வீட்டை விட்டுப் போகிறாள். "படத்துல வந்தான்னு மேஸ்திரியும் வருவாரா? அவரு வரலைன்னா?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும். கதவு வழியா வந்தா நான் எறங்க மாட்டேன். ஜன்ன வழியா வரச் சொல்லுங்க."

"இந்த லைன் வீட்டுல ஜன்னலே இல்லியே!"

"அதனாலதான் அங்க போறனுங்க. எங்கண்ணன் கடைக்கு மேல மச்சு இருக்குது. அதுல ஒரு ஜன்ன இருக்குது" என்றாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வேடிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளியூர்க்காரர்கள் வந்தார்கள். தட்டு, வெற்றிலை, பழம் எல்லாம் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை இல்லை. மேஸ்திரியின் அக்காள் எடுத்துக் கொடுக்கிறேன் என்று எழுந்தாள். பெண்ணின் தகப்பனார் தடுத்துவிட்டார். "மூத்தவ கை படாத தட்டு எங்களுக்கு வேண்டாமுங்க. நாளைக்கு எம்புள்ளைய ஊருல என்ன பேருல கூப்புடுவாங்க?" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவள் வைத்த ஜன்னல் நிபந்தனை எஸ்டேட் முழுக்கப் பரவியிருந்தது. அதற்குப் பிறகு மேஸ்திரியால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவர் எந்தப் பக்கம் போனாலும் நிழல் மரங்களின் மேல் கிளை கழிக்கும் ஆட்கள், "மேஸ்திரி, ஏணி வேணுங்களா?" என்று கேட்டார்கள். கதவு வழியாக ஒருமுறை அடிவாரம் போய்ப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. அவள் மச்சிலிருந்து இறங்கவில்லை. பெண்கள் இருவரும் கீழே வந்து, "அம்மா வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மேலே ஓடிவிட்டார்களாம்.

மாசி முடிவதற்குள், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், விடிந்ததும் மேஸ்திரி எங்கள் வாசலில் நின்றார். நல்ல வேட்டி, கோட்டு, தலைப்பாகை. "அம்மா நீங்க வந்து சொன்னா அவ கேப்பா. கம்பவுண்டர் சாமியும் வரோணும். அவரு சொன்ன கதைய நம்பித்தான் நான் எளப்பமாப் போனேன்" என்றார். வாசலில் நான் மறுத்துப் பேசிய நாளிலிருந்து என் கணவரும் நானும் மருந்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. அவர் மறுபேச்சுப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

காலை பஸ்ஸில் மலையிறங்கினோம். டீக்கடையில் அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வாங்க என்று கும்பிட்டார், டீ கொடுத்தார். நான் மேலே போய் அவளிடம் பேசினேன். என்னால் முடிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "ஜன்னங்க" என்றாள்.

கீழே வந்து சொன்னேன். மேஸ்திரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையைக் காட்டினார். கடையின் பக்கச் சுவரில் ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. "எங்க மாப்பளை எப்ப வருவாரோன்னு சாத்தி வெச்சது. ஏணி அலுங்காது, நானே கட்டினது" என்றார், ரொம்ப மரியாதையாக.

அந்த நேரம் பார்த்துத்தான் சேலத்திலிருந்து மேலே போகும் பஸ் வந்து நின்றது. மலை ஏறுவதற்கு முன் அங்கேதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பஸ்ஸில் நிறைய ஜனங்கள், பாதிப் பேர் எங்கள் பக்கத்து எஸ்டேட் ஆட்கள். மேஸ்திரி பஸ்ஸைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். பஸ் போகட்டும் என்று காத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் தலைப்பாகையைக் கழற்றி என் கணவர் கையில் கொடுத்தார். கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டார். ஏற ஆரம்பித்தார்.

விரிப்பில் பார்த்தபோது எந்தக் காட்சியில் முகத்தை மூடினேனோ, அதில் அந்தப் புருஷன் செய்ததையே பட்டப்பகலில் நூறு ஆட்களை மேய்க்கும் ஒரு மேஸ்திரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்கிறார். கண்டக்டர் கையில் தண்ணீர் டின்னோடு அப்படியே நின்றார். ரேடியேட்டர் நிரம்பித் தரையில் வழிந்தது.

அது கம்பியில்லாத சிறிய ஜன்னல். தலையும் தோளும் போய்விட்டன. இடுப்பு சிக்கிக்கொண்டது. கால்கள் இரண்டும் வெளியே ஆடின.

"இதையப் படம் புடிச்சிருக்கோணும்!" என்று பஸ்ஸிலிருந்து ஒரு குரல்.

உள்ளேயிருந்து அவள் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "ஏனுங்க, வெத்தல?"

"வேண்டாம் புள்ள. இழு."

"எனக்குக் கேட்டுது. பஸ்ஸுல இருக்கறவிங்களுக்குக் கேக்கோணும்."

கால்கள் ஒரு நிமிடம் ஆடாமல் நின்றன. நாலு பேர் முன்னால் அவள் எடுத்துக் கொடுக்க வேண்டிய வெற்றிலைக்குப் பதில், இவர் நாற்பது பேர் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் அவள் இத்தனை நாளும் மச்சில் உட்கார்ந்து காத்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"வேண்டாமுங்க!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து மேஸ்திரி கத்தினார். "கிளியூரும் வேண்டாம், வெத்தலையும் வேண்டாம்! எம்பொண்டாட்டி ஒருத்திதானுங்க!"

பஸ்ஸில் கை தட்டினார்கள். உள்ளேயிருந்து இரண்டு பெரிய கைகளும் நாலு சின்னக் கைகளும் சேர்ந்து இழுத்திருக்க வேண்டும். கால்கள் திடீரென்று மறைந்தன. ஏதோ பானை உருண்டு உடையும் சத்தம் கேட்டது.

அதே பஸ்ஸில் எல்லோரும் மேலே போனோம். மேஸ்திரி குடும்பம் முன்சீட்டில். சின்னப் பெண் அப்பாவின் தலைப்பாகையைத் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் பின்னால். இரண்டு மூன்று வளைவு ஏறிய பிறகு என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "படமும் இப்படித்தான் முடிஞ்சுதா?"

"நீங்களும் பாத்தீங்கதானுங்க?"

"பாத்தேன். சொல்ல முடியலை."

அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "சொல்ல முடியலைன்னா சும்மா இருந்திருக்கலாம். ரெண்டாந்தாரம்னு எதுக்குச் சொன்னீங்க?"

அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். "பொண்டாட்டி புருஷன உட்டுட்டுப் போறான்னு அத்தன ஆம்பளைங்க முன்னால சொல்ல எனக்கு வாய் வரலை. மத்தது சொல்ல வந்துது. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்கன்னு தோணுச்சு."

ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அதனால்தான் எனக்கு அது அப்படித் தைத்தது. கையுறையும் ஜட்ஜும் முத்தமும் ஏணியும் தராத அதிர்ச்சியை 'யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க' என்ற அந்த நாலு வார்த்தை தந்தது. கெட்டவர்கள் யாரும் சொன்னதல்ல. எனக்குத் தலைவலி என்றால் தாமே கஷாயம் வைத்துத் தரும் மனிதர் சொன்னது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மேஸ்திரியின் மனைவி திரும்பிப் பார்த்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். "கம்பவுண்டர் சாமி, கோவிச்சுக்காதீங்க. அடுத்த படத்துக்கு ரெண்டு பக்கமும் அம்மாவையே சொல்லச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

அடுத்த மாசிக்குள் யுத்தம் வந்துவிட்டது. களத்தில் படம் காட்டவில்லை.